முக்கண் போதும்

லென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் நமது நேயர்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மூக்குக் கண்ணாடி ஞாபகம் வரும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கோ அது ஓர் ஏக்கம். வீட்டுக்கு ஒரு சினிமா டைரக்டர் முளைத்திருக்கும் காலம் இது. ஒரு காலத்தில் பிள்ளைகள் தகப்பனாரிடம் சைக்கிள் கேட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். இப்போது லென்ஸ் கேட்கிறார்கள். அதுவும் ஒன்றல்ல, ஒரு செட்டு!

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலுமாக இருபது வருஷ காலம் பௌதிகம் போதித்து வருகிறோம். ஒளி, நிழல், குவியத் தூரம் என்று வகுப்பில் பேசியதன் பலனாக, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்ற கேள்வியோடு பழைய மாணவர்கள் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. சில சமயம் பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோர்களே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கேள்வி இன்னும் சுருக்கமானது: "ஸார், இதற்கு இவ்வளவு பணம் தேவைதானா?"

இரண்டு கேள்விக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்ல உத்தேசம். நமது அபிப்பிராயம் இதுதான்: முதல் படம் எடுக்கிறவருக்கு மூன்று லென்ஸ் போதும். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு முக்கண்ணின் பெருமையைப் பாடுவதா என்று வைஷ்ணவ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருவானைக்காவல் அடுத்த ஊர்தானே!

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். ஜூம் லென்ஸ் என்பதில் ஒரு வளையத்தைத் திருகினால் தூரத்துக் காட்சி அருகே வருகிறது. மறுபடி திருகினால் விலகிப் போகிறது. பிரைம் லென்ஸில் அந்த வித்தை கிடையாது. அதன் குவியத் தூரம் ஒன்றே ஒன்று. காட்சி பெரிதாக வேண்டுமானால் படம் பிடிக்கிறவர் தம் கால்களால் நடந்து முன்னே போக வேண்டும். உலகத்தில் முதலில் தோன்றியது இந்த நடக்க வைக்கும் லென்ஸ்தான். 1858-ம் வருஷம் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபரான லின்னேயஸ் டிரைப் என்பவர் ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படம் பிடித்தபோது, பெரிய மரப் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் இடம் தேர்ந்தெடுத்தார். சாதாரண போட்டோக் கேமராவுக்கென்று ஜூம் லென்ஸ் விற்பனைக்கு வந்தது அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, 1959-ல்.

திருச்சிக்குச் சினிமா வந்த கதையும் ஒரு தனி மனிதரின் துணிச்சலால் நடந்த கதைதான். தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ம் வருஷம் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கையிலிருப்பதைக் கொடுத்துக் கருவி வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி, நம்மிடம் பிளஸ் டூ வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். பி.காம். முடித்துவிட்டு ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷச் சம்பளத்தில் அறுபத்திரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்திருந்தாள். பழைய கேமரா ஒன்றும், அதோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்றும் அவளிடம் இருந்தன. அவள் எடுக்க விரும்பிய படம் தன் பாட்டனாரைப் பற்றியது.

பாட்டனார் பாலக்கரைப் பக்கத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர். திருச்சிக் கற்கள் என்றால் ஒரு காலத்தில் நாடெங்கும் மதிப்பு உண்டு. நகரத்திலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் குடும்பம் குடும்பமாக இந்தத் தொழிலில் இருந்தார்கள். சீன தேசத்திலிருந்து இயந்திரத்தால் பட்டை தீட்டிய கற்கள் மலிவாக வந்து குவிந்த பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இந்தப் பெரியவரும் தை மாதத்தோடு பட்டறையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு மாதம். அதற்குள் எடுத்தால் உண்டு. தவறினால் சாணைச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

அவள் கொண்டுவந்த பட்டியலில் ஐந்து லென்ஸ்கள் இருந்தன. மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். கூட வந்த தாயார் சொன்னார்:

"ஸார், என் சங்கிலியை வைத்தால் மிச்சப் பணம் கிடைக்கும். அப்பாவைப் பற்றிய படம் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மனசு திடப்படும்."

சங்கிலியைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு, பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போனோம். லென்ஸ் வாங்கும் யோசனையைக் கடையில் ஆரம்பிக்கக் கூடாது. படம் பிடிக்கப்போகும் இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பது நமது முதல் சூத்திரம்.

பட்டறை பத்தடிக்கு எட்டடி. சுவரோரம் சாணை, அதன் பின்னால் பெரியவர், தலைக்கு மேலே ஒரு விளக்கு, கிழக்கே சிறு ஜன்னல். கேமராவை வைத்துக்கொண்டு பின்வாங்கினால் ஆறடியில் முதுகு சுவரில் இடித்தது. இந்த ஆறடிதான் கணக்குக்கு மூலதனம்.

கணக்கு மிகவும் எளிது. கேமராவுக்குள்ளே பிம்பம் விழும் சென்சார் என்ற சில்லின் அகலத்தை, நமக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், எவ்வளவு அகலமான காட்சி படத்தில் விழும் என்பது தெரிந்துவிடும். அந்தப் பெண்ணின் கேமராவில் சில்லின் அகலம் 23.5 மில்லிமீட்டர். ஆறடி தூரத்தில் 24 மி.மீ. லென்ஸ் வைத்தால் கிட்டத்தட்ட ஆறடி அகலம் தெரியும்: பெரியவரும் சாணையும் ஜன்னலும் அடங்கிவிடும். 35 வைத்தால் நாலடி: இடுப்புக்கு மேலே பெரியவரும் அவர் கையும். 50 வைத்தால் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு: முகமும் தோளும். பட்டியலில் கண்ட 135 மி.மீ. லென்ஸை அங்கே வைத்தால் ஓரடிக்குச் சிறிது மேல். மூக்கும் கண்ணும் மாத்திரம் தெரியும்! பட்டறைக்கு வெளியே தெருவில் நின்று, சுவரை இடித்துவிட்டுப் பிடித்தால்தான் அந்த லென்ஸ் பயன்படும். பெரிய சில்லு உள்ள கேமராவானால் இதே காட்சிகளுக்கு 35, 50, 75 என்று ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் தம் கேமராவின் சில்லு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

பட்டியலில் இன்னொரு லென்ஸ் 10 மி.மீ. "இது எதற்கு?" என்று கேட்டோம்.

"ராஜகோபுரத்தை முழுசாக எடுக்க, ஸார்" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆசை எழுவது சகஜம். 1987-ல் கட்டி முடிந்த கோபுரம் 236 அடி உயரம். அதை ஒரே சட்டத்தில் அடக்கிவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் அவளுடைய கதை கோபுரத்தைப் பற்றியதா? பாலக்கரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டனாரைப் பற்றியது. மிகவும் அகன்ற லென்ஸை அவர் முகத்தருகே கொண்டு போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். அதை அடித்துவிடச் சொன்னோம்.

இங்கே ஒரு பௌதிக விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முகத்தை மாற்றுவது உண்மையில் லென்ஸ் அல்ல. நாம் நிற்கும் தூரம். இதை ஸ்ரீரங்கத்துப் பக்கத்துக் காவிரிக் கரையில் அவளுக்குக் காட்டினோம். தாயாரை மணலில் நிறுத்தி, பின்னால் அக்கரையில் மலைக்கோட்டை தெரியும்படி வைத்து, ஜூம் லென்ஸை 18-ல் நிறுத்தி ஆறடியிலிருந்து ஒரு படம். பிறகு 54-ல் நிறுத்திப் பதினெட்டடி தூரத்துக்குப் பின்வாங்கி இன்னொரு படம். இரண்டிலும் தாயார் ஒரே அளவுதான். ஆனால் முதல் படத்தில் எலுமிச்சம் பழம் போல் இருந்த மலை, இரண்டாவதில் மூன்று மடங்காகி, அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் எழுந்து நின்றது. ஊருக்கும் மனிதருக்கும் உள்ள உறவை நெருக்கமாகக் காட்டுவதா, விலக்கிக் காட்டுவதா என்பதை டைரக்டர் இப்படித்தான் தீர்மானிக்கிறார். ஒரே குவியத் தூரத்தோடு பல நாள் பழகினவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது கால்களுக்கே தெரிந்துவிடும். ஜப்பான் தேசத்து ஓஸுவும் பிரான்ஸ் தேசத்துப் பிரெஸ்ஸோனும் பெரும்பாலும் 50 மி.மீ. ஒன்றையே வைத்துக்கொண்டு உலகம் போற்றும் படங்களை எடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் கேமராவோடு வந்த ஜூமையே 35-ல் நிறுத்திக்கொண்டு எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பட்டறை விளக்கில் இருக்கிறது. லென்ஸின் மேல் f/1.8, f/5.6 என்று எழுதியிருப்பது, உள்ளே வெளிச்சம் நுழையும் துவாரத்தின் கணக்கு. 50 மி.மீ. லென்ஸில் f/2 என்றால் துவாரம் 25 மி.மீ. விட்டமுள்ளது. எண் சிறியதானால் வாசல் பெரியது. மலிவான ஜூம் லென்ஸை நீட்டினால் f/5.6-க்கு மேல் திறக்காது, f/1.8 பிரைம் லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரியவர் தினந்தோறும் வேலை செய்யும் அந்த ஒற்றை விளக்கிலேயே அவரைப் படம் பிடிக்க வேண்டுமானால் இந்தப் பத்து மடங்கு இல்லாமல் தீராது. ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுப்பதற்காக f/0.7 துவாரமுள்ள லென்ஸைத் தேடிப் பிடித்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

விளக்கைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆகையால் சில விளக்குகள் விநாடிக்கு நூறு தரம் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு விநாடியாக வைத்துக்கொண்டால் இந்தத் துடிப்பு படத்தில் பெரும்பாலும் தலைகாட்டாது.

ஆக, எந்த மூன்று? இதைத் தீர்மானிக்க ஒரு பைசாச் செலவில்லாத உபாயம் உண்டு. ஒரு வார காலம் பழைய ஜூம் லென்ஸையே வைத்துக்கொண்டு பட்டறையில் இஷ்டம் போல் போட்டோ எடுத்து வரச் சொன்னோம். ஒவ்வொரு போட்டோவோடும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்ற விவரத்தைக் கேமரா தானே பதிந்து வைக்கிறது. ஏழு நாளைக்குப் பிறகு அவள் கணக்கர் அலுவலக வழக்கப்படி கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். 140 படங்களில் பாதிக்கு மேல் 35-ஐச் சுற்றியே இருந்தன, அடுத்தபடி 24, அதற்கடுத்து 50. நாம் சொல்ல நினைத்ததை அவளுடைய கண்ணே சொல்லிவிட்டது. பிறகு ஜூம் வளையத்தை 35-ல் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, இன்னும் மூன்று நாள் அதை மட்டும் வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். கஷ்டமாக இருந்தால் வாங்க வேண்டாம் அல்லவா? கஷ்டமாக இல்லை என்றாள்.

35-ம் 24-ம் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்கினாள். இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வரிசை லென்ஸுக்கும் நிறத்தில் ஒரு சாயல் இருக்கும். ஒன்று மஞ்சளுக்குச் சாயும், மற்றொன்று நீலத்துக்குச் சாயும். அடுத்தடுத்த காட்சிகளில் பாட்டனாரின் சட்டை வெவ்வேறு வெள்ளையாகத் தெரிந்தால் பார்ப்பவர்களுக்கு உறுத்தும்.

மூன்றாவதான 50-ஐப் பழைய சாமானாக வாங்கலாம் என்று யோசனை சொன்னோம். பழைய ஃபிலிம் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஆடுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். நிக்கான் கேமராவில் அந்த இடைவெளி 46.5 மி.மீ.; அவளுடைய புதுமாதிரிக் கேமராவில் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 28.5 மி.மீ.க்கு ஒரு வளையத்தைப் போட்டுவிட்டால் பழைய லென்ஸ் சரியாகப் பொருந்திவிடும். கையால் திருகும் அதன் ஃபோகஸ் வளையம் சினிமாவுக்குச் சௌகரியமானது. நிறச் சாயலைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் பழைய லென்ஸில் ஓர் அபாயம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. ஈரக் காற்றில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சைக் காளான் சிலந்தி வலை போலப் படரும். ஒருவர் விற்க வந்த லென்ஸை அவள் வாங்கிக்கொண்டு பட்டறைக்கே போனாள், "பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்று அவர் சொல்லியிருந்ததால். பாட்டனார் அதைக் கையில் வாங்கினார். கல்லைப் பார்ப்பது போலவே விளக்குக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெள்ளத் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்திலே நூல் நூலாய் ஓடியிருக்கு, பாப்பா. வேண்டாம், கொடுத்துடு" என்றார்.

நாம் டார்ச்சு விளக்கு வைத்துப் பார்த்தபோது அவர் சொன்ன இடத்தில் அது இருந்தது. இரண்டாவதாக வந்த லென்ஸை அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது சுத்தம். எவனோ நல்ல கைக்காரன் தீட்டியிருக்கான்" என்றார். அதையே வாங்கினாள். அதற்கும் கேமராவுக்கும் நடுவே இன்னும் 25 மி.மீ. வெற்று வளையம் ஒன்றைச் சேர்த்தபோது, ஐந்து சென்டிமீட்டர் அகலக் காட்சி திரை முழுவதையும் நிரப்பியது. பெரியவரின் விரல் நுனியில் இருந்த கல்லும், அதன் ஒவ்வொரு பட்டையும் தெரிந்தன.

மூன்று லென்ஸுக்கும் வளையங்களுக்குமாக நாற்பத்தோராயிரம் ரூபாய் ஆயிற்று. மிச்சத்தில் ஒரு நல்ல மைக் வாங்கச் சொன்னோம். சாணையின் சத்தம் இல்லாவிட்டால் அது என்ன படம்? வெயிலில் எடுக்கும் காட்சிகளுக்காகக் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் தேவைப்பட்டது. நமது சூரியனுக்கு எதிரே ஐம்பதில் ஒரு விநாடி வேகத்தில் துவாரத்தை f/2.8-க்குத் திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும். வெளிச்சத்தை அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். மிகப் பெரிய லென்ஸின் வாய்க்கு ஏற்ற கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றவற்றுக்கு மலிவான இணைப்பு வளையம் போட்டுக்கொண்டால் மூன்றுக்கும் அதுவே போதும். லென்ஸ்களை வைக்கக் காற்றுப் புகாத டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் வாங்கினாள். என்றைக்காவது ஒரு நாளைக்கு நீண்ட லென்ஸ் அவசியமானால் சென்னையில் வடபழனிப் பக்கம் தின வாடகைக்குக் கிடைக்கும்.

இப்போது சங்கிலியைப் பற்றி. சத்யஜித் ராய் 1955-ல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்காக மனைவியின் நகைகளை அடகு வைத்தார் என்பது பிரசித்தம். இந்தக் கதையைப் பிள்ளைகள் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்லுகிறார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ராய் அந்தப் பணத்தில் படத்தை எடுத்தார்; கருவிகளைச் சேர்த்து வைக்கவில்லை. கேமரா வாடகைக் கேமரா. அதைப் பிடித்த சுப்ரத மித்ராவுக்கு இருபத்தொரு வயது. அதற்கு முன் அவர் சினிமாக் கேமராவைத் தொட்டதில்லை. நம் நாளிலும் பி.எஸ். வினோத்ராஜ் என்ற இளைஞர் எடுத்த 'கூழாங்கல்' படம் 2021-ல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. வெயிலில் நடக்கும் ஒரு தகப்பனும் மகனும், வறண்ட பூமியும்தான் அந்தப் படத்தின் சொத்து. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்றோம். அந்த அம்மாள் முகத்தில் தோன்றிய நிம்மதியை எழுதத் தேவையில்லை.

ஐப்பசியிலிருந்து மார்கழிக் கடைசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடித்தாள். பெரியவர் முதல் இரண்டு வாரம் கேமராவைப் பார்த்துப் பார்த்துக் கூச்சப்பட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து அதை மறந்துவிட்டார். அந்த மூன்றாவது வாரம் வருவதற்குள் அவள் கையில் லென்ஸ் இருந்தது என்பதுதான் நமக்குத் திருப்தி. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் காத்திருந்தால் மாசி பிறந்திருக்கும்.

தை மாதம் சொன்னபடி பட்டறையை மூடினார்கள். சாணையை எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். படம் பதினேழு நிமிஷம். இரண்டு இடத்தில் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஓர் இடத்தில் காட்சி தேவைக்கு மேல் நீளுகிறது. ஆனால் சக்கரம் சுற்றுவதும், கல் அதைத் தொடும்போது எழும் சத்தமும், வேலை முடிந்த கல்லை அவர் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதும் அதில் இருக்கின்றன. பள்ளிக்கூட ஹாலில் திரையிட்டபோது பெரியவர் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். "நான் இவ்வளவு மெதுவாகவா வேலை செய்கிறேன்?" என்று பக்கத்தில் இருந்த மகளைக் கேட்டார்.

அன்று முதல் நம் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோரும் பட்டியலோடு வருகிறார்கள். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, யாரைப் பற்றிய படம், எந்த அறை, சுவர் வரையில் பின்வாங்கினால் எத்தனை அடி என்று கேட்கிறோம். அளந்து வருகிறேன் என்று எழுந்து போகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.